கண்ணுக்குத் தெரியாத கசிவும் காரின் கணனியும்

வெயிலில் இருந்த பெற்றோல் கானை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பக்கங்கள் புடைத்து நிற்கும். மூடியைத் திருகினால் 'உஸ்' என்ற சத்தத்தோடு ஆவி வெளியேறும். அதே கானை இறுக மூடி வைத்து விடியற்காலையில் பார்த்தால், பக்கங்கள் உள்நோக்கி ஒடுங்கியிருக்கும். பெற்றோல் பகலில் மூச்சை விடுகிறது, இரவில் உள்ளிழுக்கிறது என்று சொன்னால் பிழையில்லை. காரின் பெற்றோல் தாங்கியிலும் இதுவே நடக்கிறது. இந்த மூச்சை வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்கும், அது எங்காவது ஓர் ஊசித்துளை வழியே தப்புகிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கும் அமெரிக்காவில் சட்டமே உண்டு. அந்தச் சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இங்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் ஆவியைப் பற்றிச் சிறிது. எரிவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவியே. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். குளிர்ந்திருக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் கிளம்பாது. சில துளி பெற்றோலை விட்டுத்தான் கிளப்புவார்கள். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் போதிய ஆவியைத் தரும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி வளியைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆகவே மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். பெற்றோல் கானைக் குடிசைக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டு மறுமூலையில் அடுப்பு மூட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கானை வெளியே, நிழலில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

அமெரிக்கர்கள் இந்த ஆவியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது தீக்குப் பயந்து அல்ல. 1940களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் கீரை, சலாது இலைகளின் அடிப்பக்கம் வெள்ளிநிறம் பூண்டு கருகியது. முதலில் நட்டப்பட்டவர்கள் தோட்டக்காரர்களே. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயனப் பேராசிரியர் இதன் காரணத்தை 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். எரியாத எரிபொருளின் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோன் முதலிய நச்சுக்களை உண்டாக்கின. காரின் புகைக்குழாயிலிருந்து மட்டுமல்ல, சும்மா நிற்கும் காரின் தாங்கியிலிருந்தும் அந்த ஆவி வெளியேறியது. எனவே கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டுக் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971ஆம் ஆண்டுக் கார்களிலும் தாங்கியின் ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று.

பிடிப்பது எதனால்? வெறும் கரியினால். தாங்கியின் மேற்புறத்திலிருந்து ஒரு குழாய், கரி நிரப்பிய ஒரு பெட்டிக்குப் போகிறது. இது அடுப்புக்கரி அல்ல, விசேட முறையில் உயிர்ப்பூட்டப்பட்ட கரி. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பையெல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீற்றருக்கு மேல் வரும். அதாவது எமது கணக்கில் நாலு பரப்புக் காணி! எமது நாட்டில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் இவ்வகைக் கரி செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் கார்களுக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த கரியையே பாவிக்கிறார்கள். அதன் துளைகள் சற்றுப் பெரியவை என்பதால் பிடித்த ஆவியை இலகுவில் திரும்ப விடும். கார் ஓடும்போது ஒரு வால்வு திறக்க, இயந்திரம் கரிப்பெட்டியினூடாக வளியை உறிஞ்சி, தங்கியிருந்த ஆவியையும் இழுத்து எரித்துவிடுகிறது. வீணாகப் போயிருக்க வேண்டிய பெற்றோல் வேலைக்கு வருகிறது.

இனித்தான் சிக்கல். றப்பர் குழாய் வெடித்தாலோ, இணைப்புத் தளர்ந்தாலோ, மூடியைச் சரியாக இறுக்காவிட்டாலோ ஆவி தப்பிவிடும். கார் வழமைபோலவே ஓடும், சாரதிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே 1996ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து, கசிவைக் காரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது. முதலில் 1 மில்லிமீற்றர் அகலத் துளையைக் கண்டால் போதும் என்றார்கள். 2000ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் அது படிப்படியாக அரை மில்லிமீற்றராக்கப்பட்டது.

சைக்கிள் ரியூப்பில் இவ்வளவு சிறிய துளையைக் காண நாம் என்ன செய்வோம்? காற்றடித்து, தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். காரைத் தண்ணீருக்குள் அமிழ்த்த முடியாது. எனவே அது வேறு வழியில், எல்லா வாசலையும் அடைத்துவிட்டு உள்ளே அமுக்கம் மாறுகிறதா என்று பார்க்கிறது. கரிப்பெட்டி வெளிவளியை எடுக்கும் வாயை ஒரு மின்வால்வு மூடுகிறது. இயந்திரம் தாங்கியிலுள்ள வளியைச் சற்று உறிஞ்சுகிறது. பப்பாசி இலைக்காம்பைக் குழலாக்கித் தண்ணீரை ஏழு அங்குலம் ஏற உறிஞ்சினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உறிஞ்சலே பல கார்களில் போதுமானது. பின்னர் இயந்திரப் பக்கத்து வால்வும் மூடப்படும். தாங்கியில் உள்ள ஓர் உணரி அமுக்கத்தை அளந்து கணனிக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். அமுக்கம் அப்படியே நின்றால் துளை இல்லை. விரைவாக ஏறினால் எங்கோ வளி உள்ளே வருகிறது என்று பொருள்.

கேட்பதற்கு இலகு, ஆனால் பெற்றோல் சும்மா இருக்காதே! சூட்டிலும் குலுக்கத்திலும் அது ஆவியை எழுப்பி அமுக்கத்தை உயர்த்திவிடும். துளை இல்லாமலே துளை இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே கணனி கண்டபடி சோதனை செய்வதில்லை. தாங்கி ஏறக்குறைய 15 வீதத்திற்கும் 85 வீதத்திற்கும் இடையில் நிரம்பியிருக்க வேண்டும். அதிக வெப்பமோ அதிக குளிரோ கூடாது. சில கார்கள் உறிஞ்சாமல் அடைத்துவிட்டு, ஆவியினால் மட்டும் அமுக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று தனியாக அளந்து, அதனை முதற்கணக்கிலிருந்து கழித்தும் பார்க்கின்றன.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கச் சில நிறுவனங்கள் கார் ஓய்ந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தன. ரொயோட்டா கார்கள் பலவற்றில், இயந்திரம் நிறுத்தி ஐந்து மணித்தியாலம் கழிந்தபின், ஆள் இல்லாத வேளையில் ஒரு சிறு மின்பம்பி தானாக ஓடிச் சோதிக்கிறது. பி.எம்.டபிள்யூ. கார்களில் பாவிக்கப்பட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பம்பி முதலில் அரை மில்லிமீற்றர் அளவில் திட்டமாகச் செய்த ஒரு துளையினூடாக வளியைத் தள்ளும். அப்போது மோட்டாருக்கு எவ்வளவு மின் செல்கிறது என்று கணனி குறித்துக்கொள்ளும். பின்பு அதே பம்பி தாங்கிக்குள் வளியைத் தள்ளும். தாங்கி இறுக்கமாக இருந்தால் வளி போக இடமின்றிப் பம்பி திணறும். மின்செலவு முதற்கணக்கைத் தாண்டும். தாண்டாவிட்டால் தாங்கியில் அந்த அளவுத் துளையாவது உண்டு. வேறு சில கார்களுக்குப் பம்பியே வேண்டியதில்லை. ஓடிச் சூடான பெற்றோல் ஆறும்போது, நாம் முதலில் பார்த்த கான் ஒடுங்குவதுபோல, அடைத்த தாங்கியில் அமுக்கம் தானாகவே குறைய வேண்டும். குறையாவிட்டால் கசிவு.

ஒருமுறை பிழைத்ததும் கணனி சாரதியைப் பயமுறுத்துவதில்லை. அடுத்த சோதனையிலும் பிழைத்தால்தான் மஞ்சள் விளக்கு எரியும். கணனியில் பதியும் குறியீடு பி 0455 என்றால் பெருங்கசிவு, பி 0442 என்றால் சிறு கசிவு, பி 0456 என்றால் மிகச் சிறு கசிவு. கசிவு எந்த இடத்தில் என்பதைக் குறியீடு சொல்லாது. கராச்சில் தாங்கிக்குள் வெள்ளைப் புகையை மெல்லச் செலுத்தி, அது எங்கே இழைபோல எழுகிறது என்று விளக்குப் பிடித்துத் தேடுவார்கள். பெற்றோல் அடிக்கும்போது குழாய் தானாக நின்றபின்னும் விடாமல் நிரப்புகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத் தாமே கெடுக்கிறார்கள். திரவப் பெற்றோல் கரிப்பெட்டிக்குள் போனால் கரி பழுதாகிவிடும், பெட்டியை மாற்றுவதற்குச் செலவும் அதிகம்.

செலவே இல்லாத காரணமும் ஒன்றுண்டு. மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டதனாலேயே பலருக்கு அந்த மஞ்சள் விளக்கு எரிகிறது. மூடியை இறுக்கிய உடனே விளக்கு அணையாது. சோதனைக்கு ஏற்ற சூழ்நிலை வாய்த்து, தொடர்ந்து மூன்று முறை சரி என்று கண்ட பின்னரே கணனி அதனை அணைக்கும். அதற்குப் பல நாட்கள் செல்லலாம். அதுவரை பொறுக்காமல் கராச்சுக்குப் போய், மூடிக்குப் பதிலாக வால்வை மாற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.