பத்து டாலர் வால்வு!

பி.காம். படித்தவர்களுக்கு 'ஏ.பி.ஸி. அனாலிஸிஸ்' ஞாபகமிருக்கும். அதிகப் பணம் விழுங்குகிற சரக்கு 'ஏ'. நடுத்தரம் 'பி'. போல்ட்டு, நட்டு வகையறா 'ஸி'. 'ஏ'-யைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனி, 'ஸி'-க்கு அவ்வளவு வேண்டாம் என்பது பாடம். பரீட்சைக்கு அது போதும். கம்பெனி நடத்தப் போதாது என்பதற்கு ஜப்பானில் ஒரு சாட்சி உண்டு.

1997 பிப்ரவரி 1, விடியற்காலை. காரியா நகரில் ஐஸின் ஸெய்கி கம்பெனியின் தொழிற்சாலையில் தீ! அங்கே தயாரானது, பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு. சிகரெட் பாக்கெட் சைஸ். விலை பத்து டாலருக்கும் குறைவு. டொயோட்டாவுக்கு ஏறக்குறைய மொத்த வால்வும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

டொயோட்டாவோ சரக்கைக் குவித்து வைக்காத கம்பெனி. 'ஜஸ்ட் இன் டைம்'! இன்ஜின் ரெடி, ஸீட் ரெடி, பெயிண்ட் ரெடி... வால்வு இல்லை. பிரேக் இல்லாத காரை யார் தலையில் கட்டுவது? சில நாட்களில் ஜப்பானிலிருந்த அதன் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றுபோயின.

காப்பாற்றியது பழகிய உறவு. மற்ற சப்ளையர்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட வால்வு கடைந்து கொடுத்தது! கல்யாணத்துக்குச் சமையல்காரர் வராவிட்டால் தெருவே கரண்டி பிடிக்குமே, அந்த மாதிரி. சுமார் ஒரு வாரத்தில் நிலைமை சீரானது.

இதற்கு மருந்து நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: 'வி.இ.டி. அனாலிஸிஸ்'. இல்லாவிட்டால் உயிர் போகும், இருந்தாக வேண்டும், இருந்தால் நல்லது என்று மூன்று ஜாதி. விலையைப் பார்க்காமல் விளைவைப் பார்க்கும் கணக்கு.

உங்கள் ஆபீஸ் பர்சேஸ் லிஸ்ட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்வி எழுதுங்கள்.

நாளைக்கே இவர் சரக்கு வரலேன்னா, எத்தனை நாளில் நம் வேலை நிற்கும்?

வேறு ஆளைப் பிடித்து, சாம்பிள் பார்த்து, சரக்கு இறங்க எத்தனை நாள்?

இவர் யாரிடம் வாங்குகிறார்?

முதல் விடையைவிட இரண்டாவது பெரிசா? அவர்தான் உங்கள் வி.ஐ.பி., மாசம் நானூறு ரூபாய்தான் பில் என்றாலும்! மூன்றாவது கேள்வி இன்னும் விவகாரமானது. 'எங்களுக்கு ரெண்டு சப்ளையர் சார்' என்று நிம்மதியாக இருப்பீர்கள். ரெண்டு பேரும் ஒரே இடத்தில் வாங்குகிறார்கள் என்றால், உங்களுக்கு இருப்பது ஒருத்தர்தான்.

கண்டுபிடித்த பிறகு? இன்னொருவருக்கும் சின்ன ஆர்டராவது கொடுத்துப் பழக்கி வையுங்கள். இடைப்பட்ட நாட்களைத் தாங்குகிற அளவு கையிருப்பு வையுங்கள். எல்லாச் சரக்குக்கும் வேண்டாம், முதலாளி அடிக்க வருவார். அந்த நாலைந்துக்கு மட்டும்.

நான் பார்த்த பல ஆபீஸ்களில் பெரிய பில்காரருக்கு ஏ.ஸி. ரூமில் காபி. சின்ன பில்காரருக்கு, 'அடுத்த வாரம் வாங்க.' அந்த 'அடுத்த வாரம்' ஆசாமிகளில் ஒருத்தரிடம்தான் உங்கள் கம்பெனியின் வால்வு இருக்கிறது. அவருடைய செக்கை முதலில் கையெழுத்துக்கு அனுப்புங்கள், சார்!