மயிலாப்பூர் காற்றில் யாருடைய புகை?

லஸ் முனையில் மெட்ரோ பணியின் மண் பறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூசு பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகளோ நுரையீரலின் ஆழம் வரை இறங்கும். ஆஸ்துமாவைக் கிளறும், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டும். டீசல், குப்பை, விறகு, நிலக்கரி என எதையாவது எரிப்பதால்தான் அது பெரிதும் பிறக்கிறது.

மூலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 6 நகரங்களில் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. சென்னையில் அதைச் செய்தது ஐஐடி. மயிலாப்பூர், அடையாறு உள்ளிட்ட இடங்களில் காற்றை வெள்ளை வடிதாள் வழியே உறிஞ்சி, அதில் சாம்பல் நிறத்தில் படிந்த துகளைப் பகுத்துப் பார்த்தார்கள். சிலிக்கான், அலுமினியம் மிகுந்தால் சாலை மண். கரி மிகுந்தால் டீசல். பொட்டாசியம் விறகு, சருகைக் காட்டும். சோடியமும் குளோரைடும் கடல் உப்பை. சல்பேட் மட்டும் தொலைதூர விருந்தாளி: அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் கக்கும் கந்தக வாயு, காற்றில் பயணிக்கும்போதே துகளாக மாறுகிறது. மயிலாப்பூர்வாசி சுவாசிப்பது அந்த நிலையங்களும் ஆலைகளும் உள்ள எண்ணூர், மணலிப் புகையாகவும் இருக்கலாம்.

உங்கள் உரிமை

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் மாசற்ற காற்றும் அடங்கும் என 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. ஆகவே அரசு வரம்புக்குள் இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது.

என்ன செய்யலாம்?

• குப்பை எரிகிறதா? படம் எடுத்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

• சாலையோரம் மணல், ஜல்லி கொட்டுவதற்கும் மூடாத லாரியில் ஏற்றிச் செல்வதற்கும் 2018 முதல் மத்திய விதி தடை விதிக்கிறது. இதையும் மாநகராட்சியிடம் சொல்லுங்கள்.

• தி.நகர் வணிக வளாக ஜெனரேட்டர் கரும்புகை கக்கினால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

• பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் முறையிட, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

• மார்கழி, தை விடிகாலையில் புகை தாழ்ந்து தேங்கும். மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வெயில் ஏறியபின் நடக்கப் போகட்டும்.

"காற்று மோசம்" என்று மட்டும் புகார் எழுதினால் அது மேசைக்கு மேசை சுற்றும். எது எரிகிறது, எங்கே, எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். பொறுப்பான அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது.