நோட்டில் ஏறும் முன்பணம், ஏறாத வேலை

திருவாலங்காட்டுக்கு வாய்ச்சொல்லும் பழக்கம், எழுத்தும் பழக்கம். பழையனூர் வேளாளர் எழுபது பேர் ஒரு வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள் என்னும் நீலி கதை பக்கத்து ஊர்க் கதைதான். அதே பழையனூரின் வருவாயை ஆலங்காட்டு இறைவனுக்கு எழுதிவைத்த முதலாம் இராசேந்திர சோழனுக்கோ 31 செப்பேடுகள் தேவைப்பட்டன. ஊர் எல்லை முதல் ஆணையைக் கையாண்ட அதிகாரிகளின் பெயர்கள் வரை அவற்றில் இருக்கின்றன.

இன்று அந்தத் திருவாலங்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஆள் எடுப்பது பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்துக் குடும்பங்களும் உள்ளூர் இருளர் குடும்பங்களும் முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த முன்பணம் முதலாளியின் நோட்டில் பைசா விடாமல் ஏறிவிடும். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, எப்போது கணக்கு முடித்து ஊர் திரும்பலாம் என்பதற்குத்தான் துண்டுச்சீட்டுகூட இருக்காது. 2011இல் இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 500க்கும் மேற்பட்ட ஒடிசாக்காரர்கள் மீட்கப்பட்டார்கள்.

'காகிதமெல்லாம் கம்பெனிக்குத்தான், நமக்கெதுக்கு' என்று நினைக்கும் முதலாளிகள் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படிப்பது நல்லது. வாங்கியது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். கையில் கூலிப் பதிவேடு இல்லாமல், முன்பண நோட்டு மட்டும் இருந்தால், அந்த நோட்டே அவருக்கு எதிரான சாட்சி. தண்டனை மூன்றாண்டு வரை சிறை. கடனும் செல்லாது.

எழுதிவைக்க வேண்டியது அப்படியொன்றும் மலையளவு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமனக் கடிதம் கட்டாயம். பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப்., இதை எந்த ஆடிட்டரும் சொல்லிவிடுவார். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. பி.எஃப்.பில் இருவருக்கும் பொதுவாக 12 சதவீதம். வருகைப் பதிவேடும் கூலிச் சீட்டும் இதோடு சேரும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கூலிக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். சூளைக்காரர்களுக்கு இதுதான் கசக்கும், ஏனென்றால் அங்கே சீசன் முடிந்துதான் கணக்கு.

புதிய சட்டத்தில் எல்லாமே ஏற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் வருபவருக்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தரச் சொன்னது. படம் ஒட்டிய பாஸ்புக்கை அவரவர் மொழியிலும் தரச் சொன்னது. கொடுத்தவர்கள் குறைவு, ஆனாலும் கேட்க ஒரு சட்டம் இருந்தது. அந்தப் படி இப்போது இல்லை. சொந்த ஊருக்குப் போய்வர ஆண்டுக்கொரு பயணப்படி இருக்கிறது. அதைக் கேட்கவும், எந்தச் சூளையில் எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறோம் என்று காட்டும் தாள் ஒன்று அந்தக் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும்.