சர்க்கரை உள்ளவருக்கு எண்ணெயிலும் கணக்கு வேண்டும்

கேரளத்தில் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் பக்கம் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் டீக்குச் சீனி வேண்டாம் என்பார்கள். அந்த டீயோடு கடிக்கும் பருப்பு வடையை யாரும் நிறுத்துவதில்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 11.4. சர்க்கரை ரத்தக் கொழுப்பையும் கெடுக்கும், ஆகவே வடைச் சட்டியையும் கவனித்தே ஆகவேண்டும்.

நெஞ்சு வலிக்காமலும் மாரடைப்பு

நீரிழிவில் ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு ஏறும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையும், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்கள் சிறுத்து ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதாகப் படியும். பல வருடச் சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் மாரடைப்பின்போது நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, திடீர்ச் சோர்வு மட்டும் வரலாம். கூடையோடு சரிவில் ஏறிக் கொழுந்து எடுப்பவர் அதை வேலைக் களைப்பு என்று விட்டுவிடுவார். விடக்கூடாது.

தேங்காய் எண்ணெயும் பரோட்டாவும்

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் 20 சதவீதத்துக்குள்தான். தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஏற்றுகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் தெளிவாகவே சொன்னது. அது இதயத்துக்கு மருந்து என்று பரவும் பேச்சை நம்பாதீர்கள். அவியல் மேல் மணத்துக்கு ஒரு ஸ்பூன் விட்டால் போதும், பொரிக்க வேண்டாம்.

பரோட்டாவும் பீஃப் ஃப்ரையும் சேர்ந்தால் மைதா, கொழுப்பு இரண்டும் ஒரே தட்டில். திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்ததை அறவே தவிருங்கள்.

மாதம் எவ்வளவு?

ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் தாராளம். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். மாதத் தொடக்கத்திலேயே அளந்து தனியாக வையுங்கள். குழம்பில் ஊற்றும்போது ஸ்பூனால் எடுங்கள். எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்று சோறும் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) கூட்டினால் பலனில்லை. சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் ஏறும். அந்த இடத்தில் பயறு, கீரை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை வரட்டும். மத்தி மீனில் இதயத்துக்கு உதவும் ஒமேகா-3 உண்டு. வறுக்காமல் குடம்புளி போட்டுக் குழம்பு வையுங்கள்.

மாத்திரை

சர்க்கரையோடு இதய நோயும் உள்ளவருக்கு எல்.டி.எல். 55க்குக் கீழே (மி.கி./டெ.லி.) இருப்பது நல்லது. அதற்குச் சாப்பாடு மட்டும் போதாது. கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிய ஸ்டேட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது கொழுப்புப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.