1.6 வாட் வரம்பு ஏன்?

செல்போனில் *#07# என்று அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ‘சார்’ விவரம் வரும். ஒரு கிலோ திசு எத்தனை வாட் ரேடியோ ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதே அது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட். எந்த ஒரு கிராம் திசுவிலும் சராசரி இதைத் தாண்டக்கூடாது.

எப்படி அளக்கிறார்கள்? தலை வடிவ அச்சில் திசுவின் மின்பண்புள்ள திரவத்தை நிரப்பி, காதோரம் போனைப் பொருத்தி, முழுத் திறனில் இயக்குவார்கள். உள்ளே சிறு உணர்கருவி இடம் இடமாக நகர்ந்து மின்புலத்தை அளக்கும்.

ஏன் வரம்பு? ரேடியோ அலைகளின் ஐயமற நிறுவப்பட்ட விளைவு சூடேற்றம்தான். விலங்குச் சோதனைகளில் முழு உடல் சராசரி கிலோவுக்கு 4 வாட் அளவில் நடத்தை மாறியது. அதை 50-ஆல் வகுத்தே பொதுமக்களுக்கான முழு உடல் சராசரி வரம்பான கிலோவுக்கு 0.08 வாட் வந்தது; 1.6 வாட் என்பது உடலின் ஒரு சிறு பகுதிக்கான வரம்பு. நல்ல முன்னெச்சரிக்கை.

சிக்னல் குறைந்த இடத்தில் போன் கூடுதல் திறனில் இயங்கும். அங்கே நெடுநேரம் பேசுவதென்றால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.