கிரான் வீதி விளக்கும் கரண்ட் கணக்கும்: தெரியுமா உங்களுக்கு?

2022 மார்ச் 31. அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டு! கரண்டை மிச்சம் பிடிக்க நாடு முழுவதும் வீதி விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டோம் என்று மின்சக்தி அமைச்சர் அறிவித்ததும் அன்றைக்குத்தான். இப்போது இதைக் கேளுங்கள்: 1880ஆம் ஆண்டு, அதே மார்ச் 31ஆம் திகதிதான், அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து வபாஷ் என்ற சின்ன ஊர், தன் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் நான்கு மின்விளக்குகளை ஏற்றி ஊரையே வெளிச்சமாக்கியது! அங்கே ஏற்றிய அதே திகதியில், 142 வருடம் கழித்து, இங்கே அணைத்தோம்!

சரி, விளக்கை அணைக்காமல் எல்ஈடியாக மாற்றினால் உண்மையிலேயே மிச்சம்தானா? வாங்க, கணக்குப் போடுவோம்.

நம் மட்டக்களப்புக் கிரானில் இரவு எவ்வளவு நீளம் தெரியுமா? நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைக்குள். மாரியோ கோடையோ, இரவு ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான். இலண்டனிலோ டிசம்பர் இரவு 16 மணித்தியாலம், ஜூன் இரவு எட்டு மணித்தியாலம்கூட இல்லை! நமக்குக் கணக்கு சுலபம். ஒரு விளக்கு வருடத்துக்கு 4,380 மணித்தியாலம் எரிகிறது!

பழைய 150 வோட்ஸ் மஞ்சள் சோடியம் விளக்கு 150 வோட்ஸோடு நிற்கிறதா? இல்லை! அதன் கரண்டைக் கட்டுப்படுத்தும் பலாஸ்ட் குடிப்பதையும் சேர்த்தால் சுமார் 170. ஓர் இரவுக்கு 2.04 யூனிட். அந்த இடத்தில் 60 வோட்ஸ் எல்ஈடி மாட்டினால் 0.72 யூனிட்தான். ஒரு தூணில் ஒரு வருடத்தில் 480 யூனிட்டுக்கு மேல் மிச்சம்! நூறு தூண் என்றால்? 48,000 யூனிட்! மாதம் 60 யூனிட் எரிக்கும் 66 வீடுகளுக்கு அது ஒரு வருடம் முழுக்கப் போதும்!

இதில் ஒரு இரகசியம் இருக்கிறது, தெரியுமா? சோடியம் விளக்கு அப்படியொன்றும் மட்டமான விளக்கு அல்ல! பழைய குண்டு பல்ப் ஒரு வோட்டுக்கு 15 லூமன் வெளிச்சம் தரும். சோடியம் 100 தரும். நல்ல எல்ஈடி 130, 150 தரும். இந்தக் கொஞ்ச வித்தியாசத்தால் மட்டுமா 170 வோட்ஸ் 60 ஆனது? இல்லை, திசையும் காரணம்! சோடியம் குமிழ் நாலாபக்கமும் வெளிச்சத்தை வீசும். வானத்துக்கும் தூணுக்கும் பக்கத்து வேலிக்கும் போவதெல்லாம் வீண். எல்ஈடி தார் ரோட்டைக் குறிபார்த்து இறக்கும்!

இன்னொன்று. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால், சூடாக இருக்கும் சோடியம் விளக்கு சில நிமிடம் ஆறித்தான் மறுபடி எரியும். எல்ஈடி? அந்த நொடியே!

வெள்ளை எல்ஈடி வெள்ளையே அல்ல என்று சொன்னால் நம்புவீர்களா? உள்ளே எரிவது நீல விளக்கு! மேலே பூசிய மஞ்சள் பொஸ்பர்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த நீலத்தைக் கண்டுபிடிக்க உலகம் எத்தனை வருடம் தவித்தது தெரியுமா? கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்ஈடி 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலம் 1990களில்தான் கைக்கு வந்தது! அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு. நகமுராவுக்கு அவரது கம்பனி அந்தக் கண்டுபிடிப்புக்குக் கொடுத்த சன்மானம் எவ்வளவு? வெறும் 20,000 யென்! அவர் வழக்குப் போட்டார். 2004இல் நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது! கடைசியில் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம்.

அந்த மஞ்சள் பூச்சு உரிந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் சில நகரங்களின் வீதிகள் திடீரென்று ஊதா நிறமாகவே மாறின! தயாரிப்புக் குறைதான், பூச்சுக் கழன்று உள்ளேயிருந்த நீலம் எட்டிப் பார்த்தது!

நம் ஊர்ச் சூழலுக்கு மிகக் கிட்டிய உதாரணம் எது தெரியுமா? விசாகப்பட்டினம்! 1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்பு மறக்குமா? அதேபோல 2014 ஒக்டோபர் 12இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைச் சுருட்டிப்போட்டது. விழுந்த விளக்குகளைப் பழையபடியே நட்டார்களா? இல்லை! நகரத்தின் 90,000க்கும் மேற்பட்ட விளக்குகளை எல்ஈடியாக்கிவிட்டார்கள்! காசு? இந்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் முதலில் போட்டுவிட்டு, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து வருடக்கணக்கில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. முழுச் செலவையும் மாநகரசபை முன்கூட்டியே போடத் தேவையில்லை! 2015 ஜனவரி 5இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தியா முழுவதும் மாறிய வீதி விளக்குகள் 1 கோடி 30 இலட்சம் அளவில்! அதே நாளில் தொடங்கிய வீட்டு பல்ப் திட்டத்தில் இன்னொரு அதிசயம்: 2014இல் 310 இந்திய ரூபாய்க்கு அரசு வாங்கிய எல்ஈடி பல்ப், மொத்தமாக வாங்க வாங்க 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது!

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1,40,000 விளக்குகளை மாற்றியது. மிச்சம் எவ்வளவு? 60 சதவீதத்துக்கும் மேல்!

அப்படியானால் எல்லாம் இலாபமா? பொறுங்கள்!

பட்டப்பகலில் எரியும் வீதி விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த 60 வோட்ஸ் எல்ஈடி பகலிலும் எரிந்தால் இன்னொரு 0.72 யூனிட் போய்விடும். மிச்சம் பிடித்தது 1.32 யூனிட்தானே? பாதிக்கு மேல் வெயிலில் கரைந்துபோகும்! ஒரு சின்ன ஒளியுணர் சுவிட்ச் கெட்டாலே போதும், இத்தனை நட்டமும் வந்துவிடும். என்னைக் கேட்டால், புது விளக்கு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த சுவிட்சைப் பார்ப்பதுதான்!

50,000 மணித்தியாலம் உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா? நம் கணக்கில் அது 11 வருடத்துக்கு மேல்! ஆனால் அது எல்ஈடி சில்லின் ஆயுள் மட்டும். முதலில் சாவது அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர்! மாரி தொடங்கும் முன் முழங்கும் இடி மின்னல் அதைப் பொசுக்கும். வாவிக் காற்றின் உப்பு அரிக்கும். விலை மலிவு என்று பாதுகாப்பு இல்லாத விளக்கை வாங்கினால் கரண்டில் மிச்சமான காசு புது விளக்குக்கே போகும்! 10 கிலோவோல்ட் மின்னெழுச்சியைத் தாங்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

செலவு குறைந்தால் மனிதன் என்ன செய்வான்? இன்னும் கூடுதலாகப் பூட்டுவான்! நிலக்கரி விஷயத்தில் இதை ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1865லேயே எழுதிவைத்துவிட்டார். 2011 முதல் 2022 வரை 51,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் தெரியுமா? இரவு வானம் வருடத்துக்கு 9.6 சதவீதம் வெளிச்சமாகிக்கொண்டே போகிறது! எட்டு வருடத்துக்குள் இரண்டு மடங்கு!

பூச்சிகள்? இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஆய்வில், விளக்கு உள்ள வீதியோர வேலிச்செடிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவு! மஞ்சள் சோடியத்தைவிட வெள்ளை எல்ஈடியின் கீழ்தான் பாதிப்பு அதிகம்!

நெல்லுக்குக்கூட வீதி விளக்கு தொந்தரவு, தெரியுமா? நீண்ட இரவைக் கண்டு பூக்கும் நெல் இனங்களில், விளக்கடியில் நிற்கும் பயிர் கதிர் தள்ளப் பிந்தும்! ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தார் நெல்லைக் குழப்பாத எல்ஈடி விளக்கையே உருவாக்கிவிட்டார்கள்! இப்போது நாம் விதைக்கும் புது ரகங்கள் பெரும்பாலும் இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பழைய ரகங்களைப் பெரும்போகத்தில் விதைக்கும் கமக்காரர்கள் கவனியுங்கள்!

அதற்காக எல்லாவற்றையும் அணைக்கவா? வேண்டாம்! குடும்பிமலைப் பக்கம் யானை வரும் எல்லைக் கிராமங்களில் ஒரு விளக்கு உயிரைக் காக்கும். அங்கே அணைத்து மிச்சம் பிடிக்கும் யூனிட் எனக்கு மிச்சமே அல்ல.

ஆக, எல்ஈடி மிச்சம்தானா? ஆம், சந்தேகமே இல்லை! இரவில் மட்டும் எரிந்தால், தேவையான வோட்ஸில் இருந்தால், தரை பார்த்துத் திரும்பியிருந்தால்! உங்கள் வீதியில் நண்பகலிலும் விளக்கு எரிகிறதா? தூணின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு இன்றைக்கே பிரதேச சபைக்குச் சொல்லுங்கள்!