முதல் மூன்று மாத இரவுகள்

விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே பல கல்லூரி மாணவர்களுக்கு அவர்களின் சட்டையின் மூன்றாவது பட்டன் அறிமுகமாகிவிடுகிறது. சீனியர் எதிரே வந்தால் தலையைக் குனிந்து அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் பெயர், ஊர், பிளஸ் டூ மார்க் என்று 'இன்ட்ரோ' ஒப்பிக்க வேண்டும். இரண்டாவது வாரம் சீனியரின் ரெக்கார்டு நோட்டை எழுதித் தர வேண்டும்; கடைக்கு ஓடி சிகரெட் வாங்கி வர வேண்டும், பெரும்பாலும் சொந்தக் காசில். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துப் புகார் எழுத பதினெட்டு வயதுப் பையனுக்குக் கூச்சமாக இருக்கும், "இதற்கெல்லாமா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று தோன்றும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இதையெல்லாம் ராகிங் என்றுதான் சொல்கின்றன. ஆனால் அறைந்த பிறகும் உடையைக் களைந்த பிறகும்தான் ஊர் அதை ராகிங் என்று ஒப்புக்கொள்கிறது. அந்த இடைவெளியில், பெரும்பாலும் இரவு நேரத்தில், பட்டன் பார்ப்பது அடியாக மாறுகிறது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு. 1997ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார். முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு ராகிங் தடுப்பு பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்திடம் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் ஹிமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் ராகிங்கில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு மானியக் குழுவின் விரிவான விதிமுறைகள் வந்தன. 1800-180-5522 என்ற உதவி எண்ணும் வந்தது. ஆனால் தண்டனை வந்து சேரும் வேகம் வேறு. நாவரசு வழக்கில் 1998இல் தண்டனை, 2001இல் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் ஆயுள் தண்டனை. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வரும் நீதி தேவையானதுதான். ஆனால் இன்று இரவு கதவைத் தட்டும் சீனியரின் கையை அது தடுக்காது.

இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டவரின் புகாரை நம்பி நிற்கிறது. பகலில் புகார் கொடுக்கும் மாணவன் இரவில் அதே மாடிக்குத்தான் திரும்ப வேண்டும். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில், வகுப்புகள் தொடங்கிய சில நாட்களிலேயே, முதலாமாண்டு மாணவர் ஒருவர் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். சட்டமும் உதவி எண்ணும் அப்போதும் இருந்தன. அவர் தங்கியிருந்ததோ சீனியர்கள் இருந்த விடுதியில். இந்த ராகிங் வழக்கில் கைதானவர்களில் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே தங்கியிருந்த முன்னாள் மாணவரும் உண்டு. புதியவர்களைக் கூடுமானவரை தனிக் கட்டடத்தில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் சீனியர்கள் அங்கே போவதைக் கண்காணிக்க வேண்டும் என்று 2009 விதிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. ஆக, ராகிங்கைத் தடுப்பது என்பது முதலில் இடத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்வி. யார் எங்கே தூங்குகிறார்கள், பத்து மணிக்கு மேல் அந்த மாடிக்கு யார் பொறுப்பு என்பதைக் கல்லூரி முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

இடத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. எந்தப் புத்தகம் வாங்குவது, எந்தப் பேராசிரியர் வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார், பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் சீனியருக்குத்தான் தெரியும். ஊர் தெரியாமல், ஆங்கிலமும் சரளமாக வராமல் வந்து நிற்கும் பையனுக்கு அந்த உதவி உயிர்நாடி. கல்லூரி கொடுக்க வேண்டிய வழிகாட்டுதலை சீனியர் கொடுக்கிறார். அதற்கான விலையையும் அவரே வசூலிக்கிறார். பழைய வினாத்தாள்களை நூலகம் கொடுத்தால், பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என முதல் நாளே பொறுப்பேற்றால், அந்த விலை தானாக இறங்கும்.

"ராகிங் இருந்தால்தான் கூச்சம் போகும், சீனியரோடு ஒட்டுறவு வரும், எங்களுக்கும் நடந்தது, இன்று அவர்கள்தான் எங்கள் நெருங்கிய நண்பர்கள்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் உணர்வது உண்மை. ஆனால் அந்த உணர்வு எப்படி உண்டாகிறது என்பதை எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1959இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த மாணவிகளில் சிலரை மிகவும் கூச்சப்படுத்தும் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சிலருக்கு லேசான சோதனை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை. பிறகு எல்லோரும் கேட்டது வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த ஒரே உரையாடலைத்தான். அதிகம் கூச்சப்பட்டவர்களே அதை மற்றவர்களைவிடச் சுவையானது என்று மதிப்பிட்டார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் இடம் தராது. அடுத்த ஆண்டு அதே மாணவன் அதே மாடியில் நின்று "நல்லதுக்குத்தான்" என்று சொல்வதும் இதனால்தான். சங்கிலி அறுபட ஒரே ஒரு பேட்சாவது அடிபடாமல் இரண்டாமாண்டுக்குப் போக வேண்டும்.

இலங்கையில் இதே வாதம் சமத்துவத்தின் பெயரில் வருகிறது. அங்கே இதற்குப் பெயர் பகிடிவதை. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும், ஆங்கிலம் பேசிப் பெருமையடிக்கக் கூடாது, அப்போதுதான் எல்லோரும் ஒன்று என்பது சீனியர்கள் தரும் விளக்கம். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே கடுங்காயம் விளைவித்தால் பத்தாண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. பகிடிவதை நின்றுவிடவில்லை. முதலாமாண்டுக்காரர்களை ஒருவருக்கொருவர் சமமாக்கும் இந்தச் சடங்கு, அவர்கள் எல்லோரையும் சீனியருக்குக் கீழே வைக்கிறது. அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியாது.

"வயது வந்தவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் போலக் காவல் காப்பதா, சின்ன விளையாட்டுக்கு ஒருவன் வாழ்க்கை பாழாக வேண்டுமா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். காவல் தேவைப்படுவது முதல் சில மாதங்களுக்கு, புதியவர்கள் தூங்கும் இடத்தில் மட்டும். வகுப்பிலிருந்து இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், விடுதியிலிருந்து வெளியேற்றம் எனப் படிப்படியான தண்டனைகளும் விதிகளிலேயே உள்ளன. பட்டன் பார்க்கச் சொன்ன நாளிலேயே சிறிய தண்டனை உறுதியாகக் கிடைத்தால், பெரிய தண்டனைக்கு அவசியமே வராது. அது சீனியரையும் காப்பாற்றும். கல்லூரிகளோ பெயர் கெட்டுவிடும் என்று முதல் கட்டத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன; புகாரே இல்லை என்பதைப் பதக்கம் போல மாட்டிக்கொள்கின்றன. முதல் மூன்று மாதமும் இரு வாரத்துக்கு ஒருமுறை, முதலாமாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்து வாங்க வேண்டும் என்பதும் விதிதான். பயந்தவனும் அந்தத் தாளில் எழுதுவான்.

ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழியை, சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் தர வேண்டும். கையெழுத்திடும் நாளில் பெற்றோரும் கல்லூரியிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: இரவு பதினோரு மணிக்கு முதலாமாண்டு மாடியில் யார் இருப்பார்? போன ஆண்டு பெயரில்லாத தாள்களில் பிள்ளைகள் என்ன எழுதினார்கள்?